கூண்டில் கொடுவா சாகத் தொடங்கினால்: வைப்ரியோ நோயைக் கண்டறிவதும் மருந்து கொடுப்பதும்

தீவனம் விழும் சத்தம் கேட்டதும் கொடுவா மேலே பாய்ந்து வரும். அந்தப் பாய்ச்சல் குறைவதுதான் முதல் அறிகுறி. செத்த மீன் மிதப்பது அதற்கு 2, 3 நாள் கழித்து வருவது. வலையின் ஓரமாக, நீரோட்டம் குறைந்த பக்கத்தில், உடல் கறுத்து ஒன்றிரண்டு மீன் தலையை லேசாகத் தூக்கியபடி நிற்கும். கையை நீட்டினாலும் விலகாது. அன்றைக்கே வேலையைத் தொடங்கினால் கூண்டில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம். இரை எடுப்பது முற்றிலும் நின்றபின் தொடங்கினால் எந்த மருந்தாலும் பெரிய பயன் இல்லை. காரணம் எளிது: கடலில் மருந்தைத் தீவனத்தின் வழியாகத்தான் கொடுக்க முடியும், தின்னாத மீனுக்கு மருந்து போய்ச் சேராது.

இங்கே சொல்லப்படுவது பாக் நீரிணை, மன்னார் வளைகுடாப் பகுதிகளில் மிதவைக் கூண்டுகளில் வளர்க்கும் கொடுவாவை மனதில் வைத்து எழுதியது. கூண்டில் வளர்க்கும் மற்றக் கடல் மீன்களான கடல் விறாலுக்கும் பொம்பானோவுக்கும் அடிப்படை இதேதான். வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

கிருமி உள்ளே நுழைந்த வழி

வைப்ரியோ என்பது ஒரு பாக்டீரியா வகை. அது எங்கிருந்தோ வந்து தொற்றிய கிருமி அல்ல. வைப்ரியோ ஹார்வேயி, அல்ஜினோலிட்டிகஸ், ஆங்குயில்லாரம், வல்னிஃபிகஸ் எல்லாம் கடல்நீரிலும் வலையில் படியும் பாசியிலும் மீனின் குடலிலும் எப்போதும் இருப்பவை. தோலும் அதன் மேலுள்ள வழுவழுப்பும் முழுதாக இருக்கும்வரை அவை மீனை ஒன்றும் செய்வதில்லை. எனவே மீன் சாகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வாரம் கிருமிக்கு வாசல் எப்படித் திறந்தது என்பது. அதை அடைக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் 10 நாள் நன்றாக இருக்கும், அடுத்த 10 நாளில் சாவு திரும்ப வரும்.

பதில் பெரும்பாலும் கடந்த 10 நாள் வேலைகளில் இருக்கும். குஞ்சு இருப்பு வைத்து ஒரு வாரம்தான் ஆகிறதா? ஏற்றி இறக்கியதில் செதில் உதிர்ந்திருக்கும். வலை மாற்றினீர்களா? முடிச்சுள்ள கரடான வலை உடலை உரசியிருக்கும். மீனைப் பெரிது, சிறிது என்று அளவு பிரித்து மூன்று வாரம் ஆகிவிட்டதா? கொடுவா தன்னைவிடச் சிறியதை விழுங்கும், விழுங்க முடியாததைக் கடித்து விடும். வாலடியில் இருபுறமும் ஒரே இடத்தில் காயம் இருந்தால் அது கடி. வலைக் கண்களைப் பாசியும் கொட்டலசும் அடைத்திருக்கிறதா? அப்படியானால் விடியற்காலையில் கூண்டின் நடுவில் ஆக்சிஜனை அளந்து பாருங்கள். வெளியே லிட்டருக்கு 5.5 மி.கி. காட்டும் மீட்டர் உள்ளே 3.5 காட்டுவது சாதாரணமாக நடக்கும். அளவை எப்போதும் கூண்டின் உள்ளேதான் எடுக்க வேண்டும்.

சாளை போன்ற மலிவு மீனை வெட்டிப் போட்டு வளர்ப்பவர்கள் அது எத்தனை மணி நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது என்று பார்க்க வேண்டும். நாற்றம் வந்த மீனில் வைப்ரியோ ஏராளமாக இருக்கும். அதைப் போடுவது கிருமியையே கையால் ஊட்டுவது போல. பருவமும் சேரும். சித்திரை, வைகாசியில் நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது வைப்ரியோ வேகமாகப் பெருகும், அதே நேரத்தில் நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். வடகிழக்குப் பருவமழையில் கரையோர உப்புத்தன்மை சட்டென்று இறங்கிக் கலங்கலும் சேர்வது இன்னொரு ஆபத்தான காலம்.

இவற்றையெல்லாம்விட அதிகம் தவறவிடப்படும் வாசல் ஒட்டுண்ணி. தோலில் ஒட்டும் தட்டைப்புழுவும் செவுளில் ஒட்டும் புழுவும் கடல் பேனும் போடும் சிறு புண் வழியாகத்தான் வைப்ரியோ உள்ளே போகிறது. மேலே தெரிவது சிவந்த புண். அதைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். புழு அப்படியே இருக்கும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

அன்று தீவனத்தைப் பாதியாக்குங்கள். விடியற்காலை ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மி.கி.க்குக் கீழே இருந்தால் அது ஏறும்வரை தீவனமே வேண்டாம். செத்ததையும் சாகும் நிலையில் உள்ளதையும் மென்மையான கைவலையால் எடுத்துவிடுங்கள். ஒரு சீக்கு மீன் கூண்டில் செத்து அழுகும்போது வெளியிடும் கிருமிதான் பக்கத்து மீனுக்கு மிகப் பெரிய ஆபத்து. எடுத்ததை எண்ணி எழுதி வையுங்கள். காலை எத்தனை, மாலை எத்தனை என்ற இந்த எண்ணிக்கை இல்லாமல் மருந்து வேலை செய்கிறதா என்பதை ஐந்தாம் நாள் உங்களால் சொல்ல முடியாது.

செத்த மீனைக் கூண்டுக்கு வெளியே கடலில் வீசக் கூடாது. கரைக்குக் கொண்டு வந்து, அலை ஏறாத இடத்தில், நாயும் காகமும் தோண்டாத ஆழத்தில், சுட்ட சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். நோய் கண்ட கூண்டுக்கென்று தனிக் கைவலை, தனி வாளி. வேலைக்குப் போகும்போது நல்ல கூண்டுகளை முதலில் முடித்துவிட்டு நோய்க் கூண்டுக்குக் கடைசியாகப் போங்கள். கைவலையையும் வாளியையும் 200 பி.பி.எம். (லிட்டருக்கு 200 மி.கி.) குளோரின் நீரில் அரை மணி நேரம் ஊற வைக்கலாம். சுமார் 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 100 லிட்டர் நீருக்கு 65 முதல் 70 கிராம். மூடி திறந்தே கிடந்த பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும். அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

மீனை அறுத்துப் பார்ப்பது

செத்து மிதந்ததை அறுத்துப் பயனில்லை. வெயிலில் 2 மணி நேரம் கிடந்த மீனில் எல்லா உறுப்பும் சிவந்து குழைந்திருக்கும், எந்தக் கிருமியும் வளரும். கறுத்து, நிலைதடுமாறி, இன்னும் செவுள் அசைத்துக்கொண்டிருக்கும் மீன் 3 முதல் 5 எடுங்கள். ஒப்பிட நன்றாக இரை எடுக்கும் மீன் ஒன்று.

அறுக்கும் முன் வெளியே பாருங்கள். வைப்ரியோ என்றால் துடுப்புகளின் அடியிலும் வாயைச் சுற்றியும் மலவாயிலும் சிவந்த இரத்தக் கசிவு இருக்கும். செதில் உதிர்ந்த இடத்தில் ஓரம் சிவந்து நடு வெளுத்த புண். சிலவற்றில் கண் வெண்மை படர்ந்து லேசாகப் பிதுங்கியிருக்கும். வயிற்றை மெல்ல அழுத்தினால் மலவாயிலிருந்து மஞ்சள் நிறச் சளி போல ஒரு திரவம் வரும்.

பிறகு ஒரு செவுள் இழையை நுனியில் கத்தரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுக் கடல்நீரோடு வைத்து மைக்ராஸ்கோப்பில் 40, 100 மடங்கில் பாருங்கள். உடலின் வழுவழுப்பைக் கத்தி முதுகால் வழித்து இன்னொரு தகடு. புழு நெளிவது, வட்டமாகச் சுழலும் டிரைக்கோடைனா என்ற ஒட்டுண்ணி, கறுப்பு உருண்டையாக ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணி எல்லாம் இதில் தெரிந்துவிடும். 5 நிமிட வேலை. இதைச் செய்யாமல் எந்த மருந்தும் வாங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மலவாயிலிருந்து முன்னோக்கி வயிற்றின் நடுவே மேலோட்டமாக வெட்டி, பக்கச் சுவரைத் தூக்கினால் உறுப்புகள் தெரியும். கத்தி குடலைக் கிழித்துவிட்டால் அந்த மீன் கிருமிச் சோதனைக்கு ஆகாது, அடுத்ததை எடுங்கள். வயிற்றுக்குள் இளஞ்சிவப்பு நீர், வெளிறிய அல்லது இரத்தப் புள்ளிகள் உள்ள கல்லீரல், அளவு மீறி வீங்கிய அடர் சிவப்பு மண்ணீரல், இரையே இல்லாமல் மஞ்சள் நீர் நிரம்பிய மெல்லிய குடல்: இந்த நான்கும் சேர்ந்திருந்தால் கிருமி இரத்தத்தில் பரவிவிட்டது என்று கொள்ளலாம். காற்றுப்பையை விலக்கினால் முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்புப் பட்டையாகச் சிறுநீரகம் இருக்கும். சோதனைக்கு மாதிரி எடுக்கச் சிறந்த இடம் அதுதான், அடுத்து மண்ணீரல்.

ஏமாற்றும் ஒற்றுமைகள்

வாய், துடுப்பு, வால் ஓரங்கள் அரித்து மஞ்சள் சாயலில் நைந்திருந்து, உள்ளே உறுப்புகள் நன்றாகவே இருந்தால் அது பெரும்பாலும் டெனாசிபாக்குலம் என்ற வேறொரு பாக்டீரியா. அது மேற்பரப்பு நோய். வைப்ரியோவை வளர்த்துப் பார்க்கச் சோதனைச் சாலையில் வைக்கும் டி.சி.பி.எஸ். என்ற பச்சை ஊட்டத் தட்டில் வளராது. தட்டில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தால் கிருமியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அழிந்த தோலை வழித்துத் தகட்டில் பார்த்தால் நீளமான மெல்லிய கம்பிக் கிருமிகள் கூட்டமாகத் தெரியும்.

கண் பிதுங்கி, மீன் சுருள் சுருளாக நீந்தி, மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருந்தால் ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே’ என்ற பாக்டீரியா என்று சந்தேகப்பட வேண்டும். அது வேறு குடும்பம், மருந்தும் வேறு. மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் ரவை போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் ஃபோட்டோபாக்டீரியம் என்ற இன்னொரு பாக்டீரியா.

மிக முக்கியமானது வைரஸ். பொரிப்பகத்திலும் நாற்றாங்கூண்டிலும் இளங்குஞ்சுகள் சுழன்று நீந்தி, வயிறு மேலாக மிதந்து, புண்ணே இல்லாமல் கும்பலாகச் செத்தால் அது நரம்பைத் தாக்கும் நோடா வைரஸாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் அதைத் தொடக்கூடச் செய்யாது. ஒரு நாள்கூட மருந்தில் வீணாக்காமல் மாதிரியை, வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புங்கள்.

சோதனைச் சாலைக்கு அனுப்புவது

மருந்து தொடங்கும் முன் மாதிரி எடுக்க வேண்டும். ஒரு வேளை மருந்துத் தீவனம் தின்ற மீனிலிருந்து கிருமி வளராமல் போகலாம். உயிரோடு ஆக்சிஜன் பையில் கொண்டு போவது முதல் தரம். முடியாவிட்டால் தனித்தனி பாலித்தீன் பையில் போட்டு, ஐஸ் நேரே படாமல், அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். உறையவைக்கக் கூடாது. பி.சி.ஆருக்கு மூளை, கண், செவுள் ஆகியவற்றில் சிறு துண்டுகளை 95 சதவீத எத்தனாலில் தனியே போடுங்கள். உறையில் நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, மீனின் எடை, எத்தனை நாளாகச் சாகிறது, கடந்த மாதம் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். கடைசியில் சொன்னதை மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், மண்டபம் என்ற கடலோர ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மீன் நோய் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகத்திலிருந்து எடுத்த மாதிரியை 1.5 முதல் 2 சதவீதம் உப்பு சேர்த்த தட்டிலும் டி.சி.பி.எஸ். தட்டிலும் கோடிட்டு 28 முதல் 30 டிகிரியில் வைத்தால் 24 மணி நேரத்தில் வளர்ச்சி தெரியும். டி.சி.பி.எஸ்.ஸில் மஞ்சள் என்றால் லேசானது, பச்சை என்றால் கொடியது என்று ஒரு பேச்சு உண்டு. அந்த நிறம் கிருமி சர்க்கரையைப் புளிக்க வைக்கிறதா என்பதை மட்டுமே காட்டுகிறது. ஆங்குயில்லாரம் மஞ்சளாக வளர்ந்தே மீனைக் கொல்லும்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது இரண்டு பதில்: எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மடங்குகிறது. இரண்டாவதுக்குத் தட்டில் மருந்து வில்லை வைத்துப் பார்க்கும் சோதனை இன்னொரு நாள் எடுக்கும். வைப்ரியோவில் பல வகை அமாக்சிசிலினுக்கும் ஆம்பிசிலினுக்கும் மடங்குவதே இல்லை. அந்த மருந்துகளை ஊகத்தில் கொடுப்பது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம்.

எந்த மருந்து, எது கூடாது

ஆன்டிபயாட்டிக்கை மீன் நோய் வல்லுநர் அல்லது கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தே வாங்க வேண்டும். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் 2005 சட்டம் 2023 திருத்தத்துக்குப் பின் கூண்டு வளர்ப்பையும் தன் வரம்பில் கொண்டிருக்கிறது. அதன் தடைப் பட்டியலில் குளோராம்ஃபெனிகால், ஃப்யூராசோலிடோன் முதலான நைட்ரோஃப்யூரான்கள், நியோமைசின், நாலிடிக்ஸிக் அமிலம், சல்ஃபாமெத்தாக்சசோல், மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசினும் என்ரோஃப்ளாக்சசினும் சேர்ந்த ஃப்ளோரோகுயினோலோன் வகை எல்லாம் இருக்கின்றன. மனிதர்களுக்கான மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிப் பொடித்துப் போடுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள்தான் விழுகிறார்கள். ஒரே ஒரு கூண்டின் மீனில் மருந்தின் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டாலும் அனுப்பிய சரக்கு முழுவதும் திரும்பி வரும்.

உலகெங்கும் கடல் மீன் வைப்ரியோவுக்கு அதிகம் பயன்பட்டது ஆக்ஸிடெட்ராசைக்ளின். வாய்வழி அளவு ஒரு கிலோ மீன் எடைக்கு நாளொன்றுக்கு 75 மி.கி. வாக்கில், 10 நாள். ஃப்ளோர்ஃபெனிகால் என்றால் 10 மி.கி., 10 நாள். எது என்பதைச் சோதனை முடிவும், எழுதிக் கொடுப்பவரும், உங்கள் மீனை வாங்குபவரின் நிபந்தனையும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும்.

ஆக்ஸிடெட்ராசைக்ளினில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. கடல்நீரில் நிறைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அதைக் கட்டிப்போட்டுவிடும். தொட்டியில் கலக்கி மீனை விடுவது நன்னீரில் பலன் தரலாம், கடல்நீரில் ஏறக்குறைய வீண். கடல் மீன் நீரைக் குடித்துக்கொண்டே இருப்பதால் குடலிலும் இதே சிக்கல். அதனால்தான் வாய்வழி அளவு இத்தனை அதிகம். இதே காரணத்துக்காக மருந்தை ஒட்டவைக்கப் பாலோ தயிரோ சேர்க்காதீர்கள், அந்த 10 நாளும் தாது உப்புக் கலவையை நிறுத்தி வையுங்கள்.

அளவுக் கணக்கு

6 மீட்டர் விட்டக் கூண்டில் 1,000 மீன் என்று வைத்துக்கொள்வோம். செத்ததைக் கழித்த பிறகு உள்ள எண்ணிக்கை இது. 30 மீனை எடை போட்டுச் சராசரி 250 கிராம் வந்தால் மொத்த எடை 250 கிலோ. எடையை மனக்கணக்கில் சொல்லாதீர்கள். 180 கிராமை 250 என்று நினைத்தால் மருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும், மாறி நினைத்தால் குறைந்துவிடும். குறைந்த மருந்து கிருமியைக் கொல்லாது, பழக்கிவிடும்.

ஒரு நாள் மருந்து: 250 × 75 = 18,750 மி.கி., அதாவது 18.75 கிராம் சுத்த மருந்து. வாங்கிய பொடியில் சுத்த மருந்து 50 சதவீதம் என்று லேபிளில் இருந்தால் பொடி 37.5 கிராம். 10 நாளுக்கு 375 கிராம். லேபிளில் உள்ள சதவீதத்தைப் பார்க்காமல் பொடியின் எடையையே மருந்தின் எடையாக எடுப்பதுதான் பண்ணைகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்து, இதை எத்தனை கிலோ தீவனத்தில் ஏற்றுவது? நல்ல நாளில் தின்னும் அளவை எடுக்கக் கூடாது. முந்தைய நாள் மாலை சாதாரணத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எவ்வளவு தின்கிறது என்று அளந்து பாருங்கள். இந்த மீன் நன்றாக இருந்தபோது நாளுக்கு 7.5 கிலோ தின்றது, இப்போது 5 கிலோதான் என்றால், 37.5 கிராம் பொடியையும் அதில் முக்கால் பங்கான 3.75 கிலோ தீவனத்தில் ஏற்றுங்கள். கிலோவுக்கு 10 கிராம். பசியோடு இருக்கும் காலை வேளையில் இதை முதலில் போட்டு, முழுதும் தீர்ந்தபின் சாதாரணத் தீவனம். 7.5 கிலோவில் ஏற்றியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு மருந்து கடலடியில் கிடக்கும்.

ஏற்றும் முறை: வறண்ட பெல்லட் (குருணை) தீவனத்தைச் சுத்தமான டிரம்மில் அல்லது சிமென்ட் கலக்காத புதுத் தொட்டியில் கொட்டுங்கள். பொடியை ஒரு கைப்பிடி நொறுங்கிய தீவன மாவோடு முதலில் கலந்து, பிறகு மொத்தத்தின் மேல் மூன்று தவணையாகத் தூவிப் புரட்டுங்கள். எல்லாப் பெல்லட்டிலும் மஞ்சள் சாயல் ஒரே சீராக ஏறியபின், கிலோவுக்கு 20 முதல் 30 மில்லி மீன் எண்ணெயைத் தெளிப்பானால் அடித்து இன்னும் 5 நிமிடம் புரட்டுங்கள். எண்ணெய் பொடிக்கு மேல் உறையாக இருக்க வேண்டும். எண்ணெயை முதலில் ஊற்றிப் பொடியைப் பிறகு தூவினால் மருந்து வெளியே நின்று நீர் பட்டதும் கரைந்துவிடும். ஒரு பிடியை வாளிக் கடல்நீரில் போட்டு 2 நிமிடம் பாருங்கள். நீர் மஞ்சளானால் உறை போதவில்லை. நிழலில் அரை மணி நேரம் காயவிட்டு அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ஆக்ஸிடெட்ராசைக்ளின் வெயிலில் சிதையும். கலப்பவர் கையுறையும் முகமூடியும் போட வேண்டும். இந்தப் பொடியைத் தினம் மூச்சில் இழுப்பது நல்லதல்ல.

ஃப்ளோர்ஃபெனிகாலுக்கு இதே கூண்டில் நாளுக்கு 2.5 கிராம்தான் வரும். அவ்வளவு சிறு அளவு 3.75 கிலோவில் சீராகப் பரவ, முதலில் 100 கிராம் மாவில் நன்றாகக் கலந்துகொள்வது கட்டாயம். வெட்டிய மீனைத் தின்று பழகிய கூண்டில் மருந்து ஏற்றுவது கடினம்; துண்டின் மேல் தடவியது நீரில் விழுந்ததும் போய்விடும். அரைத்து, மாவும் ஜெலட்டினும் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுக்கலாம், ஆனால் முன்கூட்டியே பெல்லட்டுக்குப் பழக்கியவர்களுக்கு இந்த நாளில் இருக்கும் நிம்மதி வேறு.

பத்து நாளில் என்ன நடக்க வேண்டும்

மருந்து தொடங்கி முதல் 2 நாள் சாவு குறையாது. ஏற்கெனவே இரை விட்ட மீன்கள் போய்க்கொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் நாளில் இரை எடுப்பு ஏறி, சாவு எண்ணிக்கை இறங்க வேண்டும். இறங்கியதும் மருந்தை நிறுத்தும் ஆசை வரும். நிறுத்தினால் தப்பிய கிருமி அந்த மருந்தை அறிந்ததாகத் திரும்பி வரும். எழுதிக் கொடுத்த நாள் முழுக்கக் கொடுங்கள். இரை எடுப்பு கூடியதால் மருந்தின் மொத்த அளவைக் கூட்டத் தேவையில்லை, பின்னால் போடும் சாதாரணத் தீவனத்தை மட்டும் மெல்லக் கூட்டுங்கள்.

ஐந்தாம் நாளும் சாவு அதே அளவில் இருந்தால் அளவை இரட்டிப்பாக்கவோ இன்னொரு மருந்தைச் சேர்க்கவோ வேண்டாம். மீன் மருந்துத் தீவனத்தை உண்மையில் தின்கிறதா, எடைக் கணக்குச் சரியா, பொடி காலாவதியா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் நோயறிதல் தவறு: வைரஸ், ஒட்டுண்ணி, அல்லது மடங்காத கிருமி. புதிதாக ஐந்து மீனை அறுத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒட்டுண்ணி இருந்தால் அதை எப்போது கவனிப்பது? மீன் கையாளுதலைத் தாங்கும் நிலையில் இருந்தால் மருந்துக்கு முன்னரே, இல்லையென்றால் நான்காம் நாளுக்குப் பிறகு. தட்டைப்புழுவுக்கு நன்னீர்க் குளியல் நல்லது, எச்சக் கவலையும் இல்லை. தொட்டி நீரைக் கடலின் வெப்பநிலைக்கு ஒன்றிரண்டு டிகிரிக்குள் கொண்டு வந்து, ஏரேட்டரை நன்றாக ஓடவிட்டு, சிறு சிறு கூட்டமாக 5 முதல் 10 நிமிடம். புழு வெளுத்து உதிர்வது கண்ணுக்குத் தெரியும். கொடுவா நன்னீரிலும் வாழும் மீன் என்பதால் இதை எளிதில் தாங்கும். கடல் விறாலையும் பொம்பானோவையும் 5 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், ஒரு மீன் புரண்டாலும் உடனே தூக்குங்கள். முட்டைகள் இதில் சாகாது. வலையில் சிக்கிய முட்டை பொரித்துத் திரும்ப ஏறும், ஆகவே வலையை மாற்றி 7 முதல் 10 நாளில் இன்னொரு குளியல். கழற்றிய வலையைக் கரையில் 2, 3 நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள்.

பொரிப்பகத்தில்

முட்டுக்காட்டில் 1997இல் கொடுவாவைக் கட்டுப்பாட்டில் குஞ்சு பொரிக்க வைத்ததிலிருந்து தமிழ்நாட்டில் பொரிப்பகக் குஞ்சு கிடைக்கிறது. அங்கே வைப்ரியோ வரும் முதல் வழி உயிர்த்தீவனம். குஞ்சுக்கு இரையாகும் ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் உயிரியின் முட்டை பொரிக்கும்போது கிளிசரால் நீரில் கசியும். அது வைப்ரியோவுக்கு விருந்து. பொரித்த குடுவை நீரை அப்படியே குஞ்சுத் தொட்டியில் ஊற்றினால் கிருமியை லட்சக்கணக்கில் ஊற்றுகிறீர்கள். முட்டையின் மேலோட்டை ஹைபோகுளோரைட்டில் நீக்கிவிட்டே பொரிக்க வையுங்கள், பொரித்ததை 100 மைக்ரான் வலையில் சுத்தமான கடல்நீரால் நீர் தெளியும்வரை கழுவுங்கள். செத்த தீவனமும் கழிவும் தங்கும் தொட்டி அடியைத் தினமும் உறிஞ்சி எடுங்கள். இந்த மூன்றையும் செய்தால் குஞ்சுத் தொட்டியில் ஆன்டிபயாட்டிக் கொட்டத் தேவையே வராது. கொட்டுவது நல்ல கிருமிகளையும் கொன்று, மடங்காத வைப்ரியோவுக்கு இடத்தைக் காலி செய்துதரும்.

தடுப்பூசியின் வலிமைக்கு நார்வே சாட்சி. 1987இல் அங்கே சால்மன் பண்ணைகள் ஆண்டுக்குச் சுமார் 48 டன் ஆன்டிபயாட்டிக் பயன்படுத்தின. வைப்ரியோவுக்கும் ஃபுருங்குலோசிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா நோய்க்கும் தடுப்பூசி வந்தபின், 1990களின் பிற்பகுதியில் உற்பத்தி பல மடங்கு கூடியிருந்தும் அது 1 டன்னை ஒட்டி இறங்கியது. நம் கொடுவாவுக்கும் அந்த வழி திறக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதுவரை கையில் இருப்பவை: அளவு பிரித்தல், முடிச்சில்லா வலை, விடியற்காலை மீட்டர், புதிய தீவனம்.

பிடிப்புக்கு முன்

மருந்து நிறுத்திய தேதியிலிருந்து எச்சம் கரைய நாள் விட வேண்டும். அமெரிக்காவில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் தீவனத்துக்குப் பொதுவாக 21 நாள். ஐரோப்பாவில், லேபிளில் இல்லாத பயன்பாட்டுக்கு 2022க்கு முன் குறைந்தது 500 டிகிரி நாள் (நீரின் வெப்பநிலையை நாளால் பெருக்கியது) என்று கணக்கிட்டார்கள். 29 டிகிரி நீரில் அது 17 நாளில் முடிந்துவிடும். நாங்கள் 30 நாள் விடச் சொல்வோம். ஐரோப்பிய ஒன்றியம் டெட்ராசைக்ளின் வகைக்குத் தசையில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் ஏற்காது. ஏற்றுமதி என்றால் பிடிக்கும் முன் ஆய்வறிக்கை வாங்குங்கள். கூண்டு எண், மருந்தின் பெயர், தொகுதி எண், அளவு, தொடங்கிய தேதி, முடித்த தேதி, எழுதிக் கொடுத்தவர் என்று ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் கைகள்

மீனைக் கொல்லும் இந்தக் கிருமிகளில் சில மனிதரையும் தாக்கும். வைப்ரியோ வல்னிஃபிகஸ் முள் குத்திய சிறு காயம் வழியாக நுழைந்து சில மணி நேரத்தில் தசையை அழிக்கக் கூடியது. கல்லீரல் நோயும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு உயிராபத்து. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே கை முழுவதும் சிவந்து வீங்க வைக்கும். கொடுவாவின் செவுள் மூடியில் உள்ள கூர் முள்ளும் முதுகு முள்ளும் மெல்லிய ரப்பர் கையுறையைக் கிழிக்கும், தடிமனானதைப் போடுங்கள். குத்தினால் உடனே சோப்பும் நல்ல நீரும் விட்டு நன்றாகக் கழுவுங்கள். அன்று இரவே வலியும் வீக்கமும் ஏறினாலோ, தோல் கருநீலமாகிக் கொப்புளித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முதலில் சொல்ல வேண்டியது, கடல்நீரில் நோய்வாய்ப்பட்ட மீனின் முள் குத்தியது என்பது. அதைக் கேட்டால்தான் மருத்துவர் சரியான மருந்தை முதல் ஊசியிலேயே தொடங்குவார்.